காற்று மெலிந்த ஊர்

தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரம் தொட்டபெட்டா. அதன் உயரம் 2,637 மீட்டர். அதன் உச்சியின் மேல் இன்னொரு தொட்டபெட்டாவைத் தூக்கி நிறுத்துவதாகக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அந்த இரண்டாவது உச்சிக்கும் சற்று மேலே, 5,340 மீட்டர் உயரத்தில், ஒரு குடியிருப்பு இருந்தது. அங்கே மனிதர்கள் உண்டார்கள், உறங்கினார்கள், விடிந்ததும் வேலைக்குப் புறப்பட்டார்கள். வேலை செய்யும் இடமோ அதையும் விட உயரம். ஏறத்தாழ 5,800 மீட்டர்!

அந்தக் குடியிருப்பின் பெயர் கில்ச்சா. தென்னமெரிக்காவில் சிலி நாட்டின் வடபகுதியில், பொலிவியாவின் எல்லையை ஒட்டி, அவுகான்கில்ச்சா என்றோர் எரிமலை நிற்கிறது. அதன் உயரம் 6,176 மீட்டர். உச்சியை அடுத்து மஞ்சள் மஞ்சளாகக் கந்தகப் படிவுகள். கந்தகம் இல்லாமல் கந்தக அமிலம் இல்லை. அமிலம் இல்லாமல் பல தொழில்கள் இல்லை. எனவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியிலிருந்தே அங்கு சுரங்க வேலை நடந்து வந்தது. வெட்டிய கந்தகத்தை முதலில் லாமா என்னும் மலைவிலங்கின் முதுகில் ஏற்றி இறக்கினார்கள். பின்னர் கம்பிவடப் பாதை அமைத்தார்கள்.

தொழிலாளர் நாள்தோறும் ஊரிலிருந்து சுரங்கம் வரை சுமார் 450 மீட்டர் உயரம் ஏற வேண்டும். அந்த உயரத்தில் அது எளிய செயலன்று. சுரங்கத்தின் அருகிலேயே குடியிருந்தால் இந்தப் பாடு மிச்சம் அல்லவா? அவர்கள் ஏன் அப்படிச் செய்யவில்லை? சிறிய கேள்விதான். ஆனால் மனிதன் எவ்வளவு உயரத்தில் வாழ முடியும் என்ற பெரிய கேள்விக்கு விடை அதற்குள்தான் ஒளிந்திருந்தது.

காற்றில் குறைவது என்ன?

உயரே போகப் போகக் காற்றில் ஆக்சிஜனுக்கு என்ன ஆகிறது என்று ஆண்டுதோறும் என் வகுப்பில் கேட்பேன். "அதன் சதவீதம் குறைகிறது, ஐயா" என்று பாதி வகுப்பு பதில் சொல்லும். அது தவறு. கடற்கரையிலும் சரி, கில்ச்சாவிலும் சரி, காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 சதவீதமே. குறைவது காற்றின் அழுத்தம்.

நாம் ஒரு காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம். நம் தலைக்கு மேலுள்ள காற்றின் எடையே நமக்கு அழுத்தமாகிறது. மலை ஏறினால் தலைக்கு மேலுள்ள காற்று குறைகிறது, அழுத்தமும் குறைகிறது. 1648ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் பாஸ்கலின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் பெரியே பாதரசக் குழாயுடன் ஒரு மலைமீது ஏறி இதை மெய்ப்பித்தார்.

கணக்கைப் பாருங்கள். கடல் மட்டத்தில் அழுத்தம் 760 மி.மீ. பாதரசம். கில்ச்சாவில் சுமார் 400 மி.மீ. நாம் உள்ளே இழுக்கும் காற்று மூச்சுக்குழாயில் ஈரமாகிறது. அந்த நீராவி உடலின் வெப்பநிலையில் 47 மி.மீ. அழுத்தத்தைத் தனக்கென எடுத்துக்கொள்ளும். எந்த உயரமானாலும் இந்த வரி குறையாது! எனவே கடற்கரையில் (760 - 47) x 0.21, அதாவது சுமார் 150 மி.மீ. ஆக்சிஜன் அழுத்தம் கிடைக்கிறது. கில்ச்சாவில் (400 - 47) x 0.21, சுமார் 74 மி.மீ. மட்டுமே. நமக்குக் கிடைப்பதில் பாதி. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அவர்கள் பாறை வெட்டினார்கள்.

அடுப்பும் உருளைக்கிழங்கும்

அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். நீலகிரியில் உதகையில் தண்ணீர் சுமார் 93 டிகிரி செல்சியசில் கொதித்துவிடும். அங்கே பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைப்பவர்களைக் கேட்டால் அதன் சிரமத்தைச் சொல்வார்கள். கில்ச்சாவில் தண்ணீர் கொதிப்பது 83 டிகிரியிலேயே! எவ்வளவு விறகைத் தள்ளினாலும் திறந்த பானையில் அதற்குமேல் சூடேறாது. அரிசியையும் பயறையும் வேகவைப்பது மிகக் கடினம்.

விறகுதான் எங்கே இருக்கிறது? மரங்கள் அங்கு இல்லை. மலைச்சரிவுகளில் பச்சைப் பாறை போலப் படர்ந்திருக்கும் யாரெட்டா என்ற செடியே நெடுங்காலம் எரிபொருளாயிற்று. அதில் பிசின் மிகுதி, நன்றாக எரியும். ஆனால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு நாள் அடுப்புக்குப் போனது பல நூறு ஆண்டுகளின் வளர்ச்சியாக இருக்கலாம்.

கில்ச்சாவில் பயிர் விளையாது; உணவு கீழேயிருந்துதான் வரவேண்டும். 4,000 மீட்டர் அளவில் உள்ள பீடபூமிச் சிற்றூர்களில் உருளைக்கிழங்கு விளைகிறது. அங்குள்ள மக்கள் கிழங்கைப் பாதுகாக்கக் கண்ட வழி எந்தப் பௌதிக ஆசிரியரையும் வியக்க வைக்கும். தெளிந்த வானமுள்ள குளிர்கால இரவில் கிழங்குகளைத் தரையில் பரப்பி உறைய விடுகிறார்கள். பகல் வெயிலில் அவை இளகியதும் காலால் மிதித்து நீரைப் பிழிகிறார்கள். சில நாட்கள் இப்படியே செய்தால், மெல்லிய வறண்ட காற்று எஞ்சிய ஈரத்தையும் உறிஞ்சிவிடும். அதற்குச் சூன்யோ என்று பெயர். அது பல ஆண்டுகள் கெடாது. குளிர்வித்து உலர்த்தும் முறையைத் தொழிற்சாலைகள் கையாளுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இவர்கள் அறிந்திருந்தார்கள்.

உடல் செய்யும் ஏற்பாடு

மலைமேல் மனிதனுக்கு வரும் நோயைப் பற்றி அக்காலத்திலேயே தெளிவாக எழுதியவர் ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் அகோஸ்டா. ஆண்டிஸ் மலையைக் கடந்தபோது தமக்கு ஏற்பட்ட கடும் வாந்தியையும் தளர்ச்சியையும் 1590இல் வெளிவந்த நூலில் விவரித்தார். அங்குள்ள காற்று மனிதனின் மூச்சுக்கு ஒவ்வாத அளவு மெல்லியது என்பது அவர் கருத்து. காற்றுக்கு எடை உண்டென்று உலகம் அறிவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் சொல்லப்பட்டது இது!

உயரத்தில் வாழ்பவரின் உடல் இந்தக் குறையை எப்படிச் சமாளிக்கிறது? 1890இல் பிரெஞ்சு அறிஞர் வியோ, பெரு நாட்டில் மொரொகோச்சா என்ற சுரங்க ஊருக்குச் சென்று இரத்தத்தைச் சோதித்தார். ஒரு கன மில்லிமீட்டரில் சுமார் 50 லட்சமாக இருக்கவேண்டிய சிவப்பணுக்கள் அங்கே 70, 80 லட்சம் வரை பெருகியிருந்தன. ஆக்சிஜனைச் சுமக்கும் கூலியாட்களின் தொகையை உடல் கூட்டிக்கொள்கிறது என்பது புலனாயிற்று.

ஒரு தீர்ப்பும் மறுப்பும்

ஜோசப் பார்கிராஃப்ட் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பெரிய உடலியல் அறிஞர், துணிச்சல்காரர். 1920இல் ஆக்சிஜன் குறைக்கப்பட்ட ஒரு கண்ணாடி அறைக்குள் தாமே ஆறு நாட்கள் அடைந்து கிடந்து, தம் தமனியைத் திறந்து இரத்தத்தைச் சோதிக்கச் செய்தவர். 1921-22இல் அவர் ஒரு குழுவுடன் பெருவில் 4,330 மீட்டர் உயரத்திலுள்ள செர்ரோ தெ பாஸ்கோ என்ற சுரங்க ஊருக்குச் சென்றார். தாதுச் சுமையை முதுகில் ஏற்றிக்கொண்டு சுரங்கத்தின் ஆழத்திலிருந்து ஏறி வரும் தொழிலாளரை அங்கே கண்டார்.

இவ்வளவும் கண்ட அறிஞர், 1925இல் வெளியான தம் நூலில் என்ன எழுதினார் தெரியுமா? உயர்ந்த மலைகளில் வாழ்வோர் அனைவரும் உடல் வலிமையிலும் அறிவாற்றலிலும் குறைபட்டவர்கள் என்று எழுதினார்!

பெருவின் தலைநகரான லீமாவில் இருந்த மருத்துவப் பேராசிரியர் கார்லோஸ் மோங்கே இதை ஏற்கவில்லை. ஆனால் வெறும் சினத்தால் மறுக்கவும் இல்லை. மாணவர்களையும் கருவிகளையும் அழைத்துக்கொண்டு மலைக்குச் சென்றார், அளந்தார். மலையில் பிறந்து வளர்ந்தவர்கள் அந்தக் காற்றிலேயே கடும் உழைப்பைத் தாங்குவதைக் காட்டினார். பார்கிராஃப்ட் தாமே மலைநோயால் சோர்ந்திருந்தார். தம் சோர்வை அம்மக்களின் மேல் ஏற்றிச் சொல்லிவிட்டார் என்று பதிலளித்தார்.

மோங்கேயின் நேர்மைக்கு இன்னொரு சான்றும் உண்டு. எல்லாரும் நலமே என்று அவர் சாதிக்கவில்லை. பல ஆண்டுகள் நன்றாக வாழ்ந்த சிலருக்கு இரத்தம் அளவுமீறிக் கெட்டியாகி, முகம் கருநீலமாகி, தலைவலியும் மயக்கமும் வருவதை 1925இலேயே எடுத்துரைத்தவர் அவர்தான். கூலியாட்கள் தேவைக்கு மேல் பெருகிப் பாதையையே அடைத்துவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் இந்த நோய். இன்றும் அது மோங்கே நோய் என்றே வழங்குகிறது. 1931இல் லீமாவின் சான் மார்கோஸ் பல்கலைக்கழகத்தில் ஆண்டிஸ் உயிரியலுக்கென ஒரு நிலையம் ஏற்பட்டது. அவருடன் உழைத்த அல்பெர்த்தோ ஊர்த்தாதோ, மொரொகோச்சாவில் பல ஆண்டுகள் ஆராய்ந்து மலைமக்களின் இரத்தத்தையும் மூச்சையும் பற்றி உலகம் மதிக்கும் அளவீடுகளைத் தந்தார்.

கில்ச்சாவுக்கு வந்தவர்கள்

இப்போது நம் கேள்விக்குத் திரும்புவோம். 1935இல் அமெரிக்கா, இங்கிலாந்து, டென்மார்க் நாடுகளைச் சேர்ந்த அறிவியலார் குழு ஒன்று சிலிக்கு வந்தது. டேவிட் புரூஸ் டில், ஆன்செல் கீஸ், பிரயன் மேத்யூஸ் முதலியோர் அதில் இருந்தனர். ரயில் பெட்டியையே ஆய்வுக்கூடமாக்கி, படிப்படியாக மேலே நகர்ந்து, 6,140 மீட்டரில் பாசறை அமைத்துத் தங்கினர். கில்ச்சாவில் வாழ்ந்த நலமுள்ள ஆறு பேரை ஆராய்ந்து 1936இல் முடிவுகளை வெளியிட்டனர்.

ஆனால் இயந்திரம் எதுவும் தராத செய்தி ஒன்று தொழிலாளரிடமிருந்து கிடைத்தது. கீஸ் அதை எழுதி வைத்தார். சுரங்க நிர்வாகம் தொழிலாளருக்காக 5,640 மீட்டர் உயரத்தில் ஒரு குடியிருப்பைக் கட்டியிருந்தது. அங்கிருந்து சுரங்கம் அருகில். சில காலம் குடியிருந்து பார்த்த தொழிலாளர் அதை விட்டுக் கீழே வந்துவிட்டார்கள். காரணம் கேட்டபோது, பசி எடுக்கவில்லை, தூக்கம் வரவில்லை, உடம்பு இளைக்கிறது என்றார்கள். நாள்தோறும் மலை ஏறும் துன்பம் மேல். மேலே குடியிருப்பது வேண்டாம் என்பது அவர்களின் முடிவு.

வேறுபாடு 300 மீட்டர்தான்! நம் ஊர்ச் சிறு குன்றின் உயரம். அந்த 300 மீட்டருக்கு இடையில் எங்கோ ஓர் எல்லைக்கோடு ஓடுகிறது என்பதைப் பாரமானி இல்லாமலே உடம்பால் அளந்து சொன்னார்கள் அவர்கள். மனிதன் நிலையாகக் குடியிருக்கக்கூடிய உயரம் சுமார் 5,300 மீட்டர் என்று பின்னர் நூல்களில் ஏறிய எண்ணுக்கு இந்தத் தொழிலாளரின் முடிவே பெரிய ஆதாரம்.

இந்த எல்லை இரும்புச் சுவர் அல்ல. 1986இல் ஜான் வெஸ்ட் என்ற உடலியல் அறிஞர் அதே எரிமலையைப் பற்றி எழுதினார். அப்போது தொழிலாளர் 4,200 மீட்டரிலுள்ள குடியிருப்பிலிருந்து லாரியில் ஏறிச் சென்று வந்தார்கள். ஆனால் 5,950 மீட்டரில் சுரங்கத்தைக் காத்திருந்த காவலர் சிலர், அவர்களில் ஓரிருவர் இரண்டாண்டு வரைகூட, அங்கேயே தங்கியிருந்தார்கள். தனிமனிதர் சிலர் தாக்குப்பிடிக்கலாம் என்பது இதனால் தெரிகிறது. ஊர் என்பதோ வேறு; அங்கே குழந்தை பிறக்க வேண்டும், பிழைக்க வேண்டும். பொலிவியாவில் 4,000 மீட்டர் உயரத்திலுள்ள பொத்தோசி நகரம் 1545இல் தோன்றியது. அங்கு குடியேறிய ஸ்பானியருக்குப் பிறந்த குழந்தைகளில் முதன்முதலாக ஒன்று பிழைத்தது 1598இல்தான் என்று பழைய வரலாற்றாசிரியர் கலாஞ்சா எழுதியுள்ளார். அதே நகரில் மலைமக்களின் குழந்தைகள் பிறந்து வளர்ந்துகொண்டுதான் இருந்தார்கள்.

இன்றைய உயரம்

கில்ச்சா இன்று இடிபாடு. கந்தகச் சுரங்கம் மூடப்பட்டுவிட்டது. இப்போது உலகில் மிக உயரத்தில் மக்கள் நிலையாக வாழும் ஊர் பெருவிலுள்ள லா ரிங்கோனாடா. உயரம் 5,100 மீட்டர். பொன் சுரங்கத்தை நம்பி அங்கு வாழ்வோர் சுமார் 50,000 பேர் என மதிப்பிடுகிறார்கள். கழிவுநீர்ச் சாக்கடை வசதி இல்லை. பொன்னைப் பிரிக்கப் பயன்படும் பாதரசம் காற்றிலும் நீரிலும் கலக்கிறது. அங்கு வழங்கிவரும் முறைப்படி, தொழிலாளி ஏறத்தாழ ஒரு மாதம் கூலியின்றி உழைத்து, பிறகு ஒரு நாள் மட்டும் தான் சுமக்க முடிந்த கல்லை எடுத்துச் செல்லலாம். அந்தக் கல்லில் பொன் இருந்தால் அவனது நல்லூழ். இல்லாவிட்டால் ஒரு மாத உழைப்பு கல்லாயிற்று! 2019இல் அங்கு ஆய்வுக்கூடம் அமைத்த பிரெஞ்சுக் குழுவினர், நான்கில் ஒருவருக்கேனும் மோங்கே நோய் இருப்பதாகக் கண்டனர்.

5,640 மீட்டரில் வாழமாட்டோம் என்று சொல்லிக் கீழே இறங்கிவரக் கில்ச்சாத் தொழிலாளருக்கு முடிந்தது. 5,100 மீட்டரில் நோயுற்றவர் கீழே இறங்கினால் நோய் தணியும் என்று மருத்துவம் நன்றாக அறியும். லா ரிங்கோனாடாவின் நோயாளியும் அறிவார். இறங்கினால் பிழைப்புக்கு என்ன செய்வது என்பதுதான் அவருக்கு விடை தெரியாத கேள்வி. அதற்குப் பாரமானியில் அளவு இல்லை.

மாணவ நண்பர்களே, அழுத்தம் பற்றிய பாடத்தைப் படிக்கும்போது 760 என்ற எண்ணை மனப்பாடம் செய்கிறீர்கள். அதனருகில் 400 என்றும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்குக் கீழே ஓர் ஊர் இருந்தது. தாங்கள் எதுவரை வாழ முடியும் என்பதை அதன் மக்களே கண்டறிந்தார்கள். அறிஞர்களில் கேட்டுத் தெரிந்துகொண்டவர் சரியாக எழுதினார்; கேளாமல் தீர்ப்புச் சொன்னவர் தவறினார்.