பிரதேச சபைத் தேர்தல்: சட்டமும் ஷரீஅத்தும்

உள்ளூராட்சித் தேர்தல் வந்தால் பள்ளிவாசலில் மஷூறா கூடி, வட்டார வேட்பாளரை முடிவு செய்வது நம் ஊர்கள் பலவற்றின் வழக்கம். இது கூடுமா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி பிரதேச சபையின் பொறுப்பு வீதி, வடிகான், சந்தை, பொதுச் சுகாதாரம் போன்றவையே. 60 வீதமானோர் வட்டாரத்தாலும் 40 வீதமானோர் பட்டியலாலும் தெரிவாகின்றனர். தனியாளாக வேட்புமனுக் கொடுக்க முடியாது; கட்சியோ சுயேச்சைக் குழுவோ வேண்டும். ஆகவே ஜமாஅத் முன்கூட்டியே கூடிப் பேசுவதில் தவறில்லை. ஆனால் ‘இவருக்குப் போடாவிட்டால் அல்லாஹ்வின் தண்டனை இறங்கும்’ என்று மிரட்டினால் அது தகாத செல்வாக்கு. தேர்தல் சட்டத்தில் குற்றம்.

ஷரீஅத்தில் இதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. இரண்டாம் அகபா உடன்படிக்கையில் நபி (ஸல்) அவர்கள் மதீனாவாசிகளுக்குப் பொறுப்பாளர்களைத் தாமே நியமிக்கவில்லை. 12 பேரை அவர்களையே தெரிந்து தரச் சொன்னார்கள். கஸ்ரஜில் 9 பேர், அவ்ஸில் 3 பேர். அந்த உடன்படிக்கையில் இரு பெண்களும் இருந்தனர். நம் மஷூறாவிலோ பெண்களைக் காண்பதே அரிது. பிறகு சட்டம் கேட்கும் 25 வீதத்துக்காகக் கடைசி நேரத்தில் யாருடைய மனைவியின் பெயரையாவது தேடுகிறோம்!

வாக்குக்குக் காசு வாங்குவதைச் சட்டம் இலஞ்சம் என்கிறது, மார்க்கமும் ஹராம் என்கிறது. வாக்கைச் சாட்சியமாகக் கருதும் உலமாக்களின் கருத்துப்படி, தகுதியற்றவருக்கு அளிக்கும் வாக்கு பொய்ச்சாட்சி. மஷூறா தீர்மானித்தது என்பதால் அந்தப் பொறுப்பு நீங்காது. வாக்குச்சீட்டு இரகசியமானது, புள்ளடி இடுபவர் நீங்கள் மட்டுமே.