கிளவுஸ் பீமன்

கிளவுஸ் பீமன் (1926 – 2016) ஆஸ்திரியாவில் பிறந்த அமெரிக்க வேதியியலாளர். கரிம வேதியியலில் நிறை நிறமாலையியலைப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர். இன்ஸ்புரூக் பல்கலைக்கழகத்தில் 1951 இல் முனைவர் பட்டம் பெற்றார். 1955 இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற்குச் சென்று, 1996 வரை அங்கு பணியாற்றினார்.

ஆய்வுகள்

அக்காலத்தில் நிறை நிறமாலைமானி பெரும்பாலும் பெட்ரோலியக் கலவைகளைப் பகுத்தாயவே பயன்பட்டது. பீமன் அதனைத் தாவர ஆல்கலாய்டுகளின் கட்டமைப்பை அறியப் பயன்படுத்தினார். ஒரே கார்பன் சட்டகம் கொண்ட சேர்மங்கள் பெரும்பாலும் ஒரே விதமாக உடைகின்றன. அரோமாட்டிக் வளையத்தில் ஒரு மெத்தாக்சி தொகுதி கூடுதலாக இருப்பின், அவ்வளையத்தைக் கொண்ட துண்டுகளின் நிறை மட்டும் 30 அலகு உயரும். இத்தகைய ஒப்பீட்டின் மூலம் சர்ப்பகந்தா வேரிலுள்ள சார்ப்பகின் என்ற ஆல்கலாய்டின் கட்டமைப்பை 1960 இல் நிறுவினார். ஒப்பீட்டுக்கு உதவியது, அதே செடியில் கிடைக்கும் அஜ்மலின் (ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாகப் பெயரிடப்பட்டது). மிகச் சிறிதளவு பொருளே இம்முறைக்குப் போதும் என்பது பெரிய நன்மை.

வைக்கிங் திட்டம்

1976 இல் வைக்கிங் விண்கலங்களில் சென்ற, பீமன் குழுவினரின் கருவி செவ்வாய் மண்ணைச் சூடாக்கி ஆராய்ந்தது. செவ்வாய்க்குரிய கரிமச் சேர்மம் எதுவும் தென்படவில்லை. தென்பட்ட குளோரோமெத்தேன் முதலியன புவியிலிருந்து சென்ற மாசு எனக் கருதப்பட்டன. 2008 இல் பீனிக்ஸ் விண்கலம் அங்கு பெர்குளோரேட்டைக் கண்டறிந்தது. சூடாக்கியபோது இவ்வுப்பே கரிமப் பொருட்களை அழித்திருக்கலாம் என 2010 இல் சில ஆய்வாளர்கள் வாதிட்டனர். பீமன் இதனை ஏற்கவில்லை; 2011 இல் மறுப்பு வெளியிட்டார்.