கயிறும் வீடும்: முத்துக்குளித்துறையில் இரு குடும்ப மரபுகள்

குடும்ப விழுமியங்களை ஒப்பிடும் ஆய்வுகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் உள்ள சமூகங்களையே எடுத்துக்கொள்கின்றன. வீட்டுக்குள் முன்னோருக்கு மாடம் வைத்து வழிபடும் வியத்நாமையும், பரம்பரைக் குடும்பப் பெயர் பெரிதும் இல்லாமல் தந்தை அல்லது தாயின் பெயரோடே பிள்ளைகள் அறியப்படும் ஐஸ்லாந்தையும் அருகருகே வைத்தால், ஒன்று கூட்டு வாழ்வைப் போற்றுவது, மற்றது தனிமனிதரைப் போற்றுவது என்ற முடிவு ஆய்வு தொடங்கும் முன்பே கைக்கு வந்துவிடுகிறது. மொழி, மதம், தட்பவெப்பம், பொருளாதாரம் அனைத்தும் மாறுபடுவதால், எந்தப் பண்பு எதனால் விளைந்தது என்று பிரித்தறிய வழியில்லை. ஒரே கடலையும் ஒரே மொழியையும் பகிர்ந்துகொண்டு, மதத்தில் பிரிந்து நிற்கும் இரு சமூகங்களை ஒப்பிட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு குறையும். தூத்துக்குடியின் பரதவக் கத்தோலிக்கரும் காயல்பட்டினத்து முஸ்லிம்களும் அத்தகைய இணை.

குடும்ப விழுமியத்தின் வேரை மதக் கோட்பாட்டில் தேடுவதைவிட, ஆபத்தில் உயிர் யார் கையில் இருக்கிறது, திருமணத்தின்போது வீடு யாருக்குப் போகிறது என்ற இரண்டு கேள்விகளில் தேடுவதே பயன் தரும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

உயிர் யார் கையில்

முத்துக்குளிப்பில் போட்டியாளர்களின் நெருக்கடிக்கு ஆளான பரதவர், போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி 1535 முதல் 1537 வரையான ஆண்டுகளில் பெருந்திரளாகக் கத்தோலிக்கம் தழுவினர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது அவர்கள் ஏற்கனவே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். பர்னாந்து, மச்சாது, ரொட்ரிகோ போன்ற பெயர்கள் தந்தைவழியாக இறங்கின. பெயரை மட்டும் பார்த்தால் இது முழுக்கத் தந்தைவழிக் குடும்பம்.

தோணியில் நடந்தது வேறு. குளியாள் கால்விரல்களுக்கிடையே கல் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில் உள்ள, பார் எனப்படும் சிப்பிப் படுகைக்கு இறங்குவார். தரை தொட்டதும் கல்லை விட்டுவிடுவார். மேலே இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். குளியாள் ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பிகளை வலைப்பையில் அள்ளிப் போட்டுவிட்டுக் கயிற்றைச் சுண்டுவார். அந்தச் சுண்டலை உணர்ந்த நொடியில் மேலே தூக்க வேண்டும். தாமதித்தால் உயிர் போகும். இந்தக் கயிற்றை மனைவியின் சகோதரனான மைத்துனன் கையில் கொடுப்பதே பொருத்தம் என்பது இக்கரையில் வழிவழியாகச் சொல்லப்படும் மரபு. காரணத்தையும் அவர்களே சொல்வார்கள்: தன் உடன்பிறந்தாளின் தாலிக்குக் கேடு வர எந்த அண்ணனும் விடமாட்டான்.

பெயரும் பங்கும் தந்தைவழியில் இறங்கும் சமூகம், உயிரை மட்டும் பெண்வழி உறவிடம் ஒப்படைத்தது. கூடப்பிறந்தவன் சொத்தில் பங்காளி. மைத்துனனுக்கோ குளியாள் உயிரோடிருப்பதில்தான் நலன். திருமணம் இங்கே இரு குடும்பங்களுக்கிடையிலான காப்புறுதியாக நின்றது. எந்த மதநூலும் விதிக்காத ஏற்பாடு இது.

வீடு யாருக்கு

தூத்துக்குடிக்குத் தெற்கே திருச்செந்தூரை ஒட்டியுள்ள காயல்பட்டினத்தில் திருமணமான பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். மகளுக்குத் திருமணத்தின்போது வீடோ வீட்டில் ஒரு பகுதியோ கொடுப்பது பெற்றோரின் தலையாய கடமை. தாயும் மணமான மகள்களும் ஒரே வீட்டிலோ ஒட்டிய வீடுகளிலோ வாழ்கிறார்கள். தெருவுக்கு வராமலே பெண்கள் வீடு விட்டு வீடு சென்றுவர முடுக்குகள் என்னும் குறுகிய சந்துகள் உள்ளன. ஊரின் அமைப்பே இந்த உறவுமுறையைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுதிவைத்திருக்கிறது.

இஸ்லாமிய வாரிசுரிமையில் மகளின் பங்கு மகனின் பங்கில் பாதி. ஆனால் தந்தை உயிரோடிருக்கும்போதே வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டால் அது வாரிசுப் பங்கீட்டுக்குள் வருவதில்லை. மதச்சட்டத்தை மீறாமலே அச்சட்டம் தருவதைவிடப் பெரிய பாதுகாப்பை இந்த ஊர் தன் பெண்களுக்கு அமைத்துத் தந்தது. கொழும்புக்கும் கிழக்காசியத் துறைமுகங்களுக்கும் வணிகத்துக்காகச் சென்ற ஆண்கள் திரும்பி வர மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். கணவன் இல்லாத காலத்திலும், மணவுறவு முறிந்தாலும், பெண் தன் வீட்டிலேயே இருக்கிறாள்.

இரு மறுப்புகள்

இந்த வேறுபாட்டுக்கு மதமே காரணம் என்று ஒருவர் வாதிடலாம். இலங்கையின் கிழக்குக் கரை இதற்கு விடை தருகிறது. அக்கரைப்பற்றில் நெடுங்காலம் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, அங்குள்ள இந்துத் தமிழரும் முஸ்லிம்களும் ஒருபோலவே மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்து மருமகனை அழைத்துக்கொள்வதைக் காட்டியுள்ளார். மதம் இரண்டு, வீட்டு முறை ஒன்று.

ஆண்கள் கடல்கடந்து போவதே காரணம் என்பது இரண்டாவது வாதம். கன்னியாகுமரி முக்குவரைப் பற்றிய கல்பனா ராமின் 1991ஆம் ஆண்டு நூல், ஆண்கள் கடலில் இருக்கப் பெண்கள் வீட்டுப் பணத்தையும் கடனையும் கையாள்வதைக் காட்டி இதற்கு ஓரளவு வலுச் சேர்க்கிறது. ஆனால் அக்கரைப்பற்று நெல் விளையும் ஊர். ஆகவே தொழில் ஒரு தூண்டுதல்தான். வழக்கத்தை நிலைநிறுத்துவது, சொத்து மரணத்தின்போது கைமாறுகிறதா, மணத்தின்போதா என்பதே.

பரதவரிடம் ஏன் பெண்ணின் பாதுகாப்பு என்னும் சுமையை வீடு தாங்கவில்லை? அவர்களுக்கு வீட்டுக்கு வெளியே வலுவான அமைப்பு இருந்தது. ஜாதித் தலைவரும் பனிமய மாதா கோயிலும் சமூகத்தின் மரியாதையையும் முத்துக்குளிப்பு உரிமைகளையும் எவ்வாறு பிணைத்தனர் என்பதைச் சூசன் பெய்லியின் ஆய்வுகள் விளக்கியுள்ளன. ஊரே காவலாக நின்ற இடத்தில் வீடு அத்தனையையும் சுமக்கத் தேவை எழவில்லை என்பது என் கருத்து.

முடிவு

இரு மரபுகளிலும் நம்பிக்கையின் அச்சு பெண்ணே. ஒன்றில் அவளுடைய அண்ணன் கயிறு பிடித்தான். மற்றதில் அவளுடைய வீட்டில் குடும்பம் தங்குகிறது. இதை வெறும் பெருமையாகப் பாடுவது சரியன்று. ஒவ்வொரு மகளுக்கும் வீடு கொடுக்க வேண்டிய கடமை தந்தையையும் சகோதரரையும் அழுத்துகிறது. மைத்துனன் மரபோ பெண்ணின் கைம்மை அச்சத்தின் மீதே நின்றது. விழுமியம் என்று நாம் போற்றுவதற்கு ஒரு விலை உண்டு. அதை யார் கொடுக்கிறார்கள் என்று கணக்கிடுவது ஆய்வாளரின் கடமை.

அதற்குக் காலம் குறைவு. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அன்று இளைஞர்களாகக் குளித்தவர்களும் கயிறு பிடித்தவர்களும் இன்று எண்பதைக் கடந்தவர்கள். பங்குக் கோயில்களின் திருமணப் பதிவேடுகளையும் காயல்பட்டினத்து வீட்டுப் பத்திரங்களையும் பின்னர்கூடப் படிக்கலாம். யாருடைய கயிற்றை யார் பிடித்தார் என்பது எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காது. அதை அவர்களிடம் இப்போதே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.