முடிவாகாத எழுத்து: ஜப்பானிய உள்ளீட்டு முறைகளும் உரைதிருத்திகளும்

1976ஆம் ஆண்டு அமெரிக்காவில் உருவான இரு உரைதிருத்திகள், பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய விஐயும் எம்ஐடி ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஈமாக்ஸும், ஒரு விசையை அழுத்தினால் ஓர் எழுத்து கிடைக்கும் என்ற நம்பிக்கையின்மீது கட்டப்பட்டவை. அக்காலத்தின் ஆஸ்கி குறிமுறை, அதாவது எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஏற்பாடு, ஏழு பிட்டுகளில் 128 இடங்களை மட்டுமே வைத்திருந்தது. ஆங்கிலத்துக்கு அது போதுமானதாக இருந்ததால், மீதமிருந்த எட்டாவது பிட்டைக் கட்டளைகளைக் குறிக்கும் 'மெட்டா' விசைக்குப் பயன்படுத்தும் வழக்கம் ஈமாக்ஸில் இயல்பாகவே வந்து சேர்ந்தது. பிற மொழி எழுத்துகள் பின்னாளில் வந்து இடம் கேட்டபோது, அந்த எட்டாவது பிட்டே முதல் தகராறாக எழுந்தது.

ஜப்பானிய மொழிக்கு அந்த நம்பிக்கை தொடக்கத்திலிருந்தே பொருந்தவில்லை. 'கானா' எனப்படும் அசையெழுத்துகளும், சீனத்திலிருந்து வந்த 'கான்ஜி' எனப்படும் சொல்லெழுத்துகளும் அதில் கலந்தே எழுதப்படுகின்றன. 1915இல் சுகிமோட்டோ கியோட்டா உருவாக்கிய ஜப்பானியத் தட்டச்சுப்பொறியில் ஏறத்தாழ 2,400 அச்சுகள் ஒரு தட்டில் பரப்பப்பட்டிருந்தன. தட்டச்சர் அவற்றுள் வேண்டியதைத் தேடி எடுத்துத் தாளில் பதிக்க வேண்டும். 1978இல் வெளியான ஜப்பானியத் தொழில்தரக் குறிமுறை 6,349 கான்ஜிகளுக்கு எண் கொடுத்தது. எண் கொடுத்ததால் கணினி அவற்றைச் சேமிக்க முடிந்தது. ஆனால் ஐம்பது அறுபது விசைகளைக் கொண்டு மனிதர் அவற்றை எவ்வாறு உள்ளிடுவது என்ற கேள்வி அப்படியே நின்றது.

அதே ஆண்டு செப்டம்பரில் தோஷிபா நிறுவனம் அறிவித்த ஜேடபிள்யூ-10 என்னும் சொற்செயலி அதற்கு விடையளித்தது. மோரி கென்இச்சியின் தலைமையில் உருவான அந்தப் பொறி ஒரு மேசையளவு பெரியது, 220 கிலோ எடை கொண்டது, 63 லட்சம் யென் விலையுள்ளது. சொல்லை ஒலிப்படி கானாவில் அடித்தால், பொறி தன் அகராதியைப் புரட்டி, இலக்கணத்தையும் பார்த்து, உரிய கான்ஜியை முன்வைக்கும். இதன் கடினம் ஒலியொப்புச் சொற்களில் இருக்கிறது. 'கிஷா' என்ற ஒரே ஒலி செய்தியாளரையும், நீராவி ரயிலையும், மரியாதையாகச் சொல்லும் 'தங்கள் நிறுவனம்' என்பதையும், அலுவலகம் திரும்புவதையும் குறிக்கும். நான்குக்கும் கான்ஜி வேறு வேறு. தங்கள் நிறுவனத்தின் செய்தியாளர் ரயிலில் அலுவலகம் திரும்புகிறார் என்ற வாக்கியத்தில் நான்கு கிஷாக்களும் அடுத்தடுத்து வருவதால், மாற்று மென்பொருள்களின் திறனைச் சோதிக்க அது பெயர்பெற்ற உரைகல்லாயிற்று. எந்தப் பொறியாலும் எப்போதும் சரியாக ஊகிக்க இயலாது என்பதால், மாற்றுத் தேர்வுகளை வரிசையாகக் காட்டி, எழுதுபவர் ஒன்றை ஏற்றபின் உறுதிசெய்யும் நடைமுறை நிலைபெற்றது.

விசை அழுத்தப்பட்ட கணத்துக்கும் எழுத்து உறுதியாகும் கணத்துக்கும் இடையே, ஆங்கில உரைதிருத்திகள் அறியாத ஒரு மூன்றாம் நிலை இவ்வாறு பிறந்தது. திரையில் தெரிந்தாலும் கோப்பில் இன்னும் சேராத, எந்த நொடியிலும் வேறு வடிவம் கொள்ளக்கூடிய இதனை 'இடைநிலை உரை' எனலாம். அதை யார் வைத்திருப்பது, எங்கே காட்டுவது, அப்போது அழுத்தப்படும் அழிப்பு விசை யாருக்குச் சொந்தம் என்னும் கேள்விகளே உள்ளீட்டு முறைகளின் பிந்திய வரலாறு முழுவதையும் நடத்திச் சென்றன.

தனிக்கணினிகளில் கிடைத்த முதல் விடை, மாற்று மென்பொருளை விசைப்பலகைக்கும் செயலிக்கும் நடுவே அமர்த்துவதாகும். 1985இல் டோக்குஷிமா நகரத்து ஜஸ்ட்சிஸ்டம் நிறுவனம் தன் இச்சிதாரோ சொற்செயலியுடன் தந்த ஏட்டோக் அவ்வகையில் புகழ்பெற்றது. செயலியிலிருந்து பிரிந்து நின்றதால் மற்ற மென்பொருள்களும் அதைப் பயன்படுத்தலாயின. எந்தச் செயலியையும் திருத்தாமலே ஜப்பானிய மொழி எழுத முடிந்தது பெரும் பேறுதான். ஆனால் செயலி எதையும் அறியாமல் இருப்பதற்கு விலையும் இருந்தது. விஐ மரபில், எழுதும் நிலையிலிருந்து கட்டளை நிலைக்குத் திரும்பியதும் வெறும் எழுத்து விசைகளே கட்டளைகளாகின்றன. உள்ளீட்டு முறை விழித்திருந்தால், கர்சரைக் கீழே நகர்த்த அழுத்திய விசையை அது பிடித்துக்கொண்டு கானாவாக மாற்றத் தொடங்கிவிடும். விஐயின் வழிவந்த விம், ஒவ்வொரு நிலையிலும் உள்ளீட்டு முறை விழித்திருந்ததா உறங்கியிருந்ததா என்று நினைவில் வைக்கும் அமைப்புகளைச் சேர்க்க நேர்ந்தது இதனால்தான்.

ஈமாக்ஸ் எதிர்த்திசையில் சென்றது. லிஸ்ப் மொழியில் உள்ளிருந்தே நீட்டித்துக்கொள்ளக்கூடிய உரைதிருத்தி என்பதால், உள்ளீட்டு முறையையே அதற்குள் எழுத முடிந்தது. 1987இல் சாட்டோ மசாஹிக்கோ எழுதிய எஸ்கேகே அதற்கு அழகான சான்று: கான்ஜியாக மாற வேண்டிய சொல்லின் முதலெழுத்தை எழுதுபவரே ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்துக் காட்டுவார் என்பதால், சொல் எங்கே தொடங்குகிறது என்று பொறி ஊகிக்க வேண்டிய தேவையே எழவில்லை. அதே காலத்தில் சுக்குபாவிலிருந்த மின்தொழில்நுட்ப ஆய்வுக்கூடத்தில் ஹாண்டா கென்இச்சி நீமாக்ஸ் என்ற ஜப்பானிய ஈமாக்ஸை உருவாக்கினார்; அது பின்னர் பல மொழிகளையும் ஒரே கோப்பில் ஏற்கும் மியூல் ஆக வளர்ந்து, 1997இல் ஈமாக்ஸின் 20ஆம் பதிப்பில் இணைந்தது. அதிலிருந்த க்வெய்ல் என்னும் பகுதி, விசைத்தொடர்களையும் அவை தரும் எழுத்துகளையும் அட்டவணையாக எழுதிக்கொடுத்தால் அதையே ஓர் உள்ளீட்டு முறையாக இயக்கிவிடும். ஒரு மொழியின் தேவையை நேர்மையாகத் தீர்க்கப் போய் எல்லா மொழிகளுக்கும் வாசல் திறந்த இந்தப் பணி, மென்பொருள் வரலாற்றில் இன்னும் உரிய கவனம் பெறவில்லை.

இரு வழிகளையும் இணைக்கும் உடன்படிக்கைகள் மெதுவாகவே வந்தன. யூனிக்ஸ் கணினிகளின் எக்ஸ் சாளர முறைமை 1991இல் தன் ஐந்தாம் வெளியீட்டில் உள்ளீட்டு முறைக்கு இடமளித்தது. எனினும் ஒன்றோடொன்று பொருந்தாத இரு மாதிரிகள் உடன் வந்தமையால், 1994இன் ஆறாம் வெளியீட்டில்தான் பொது நெறிமுறை உருவாயிற்று. இடைநிலை உரையைக் கர்சர் நிற்கும் இடத்திலேயே செயலி வரைவதா, அதன்மேல் சிறு சாளரம் மிதப்பதா, திரையின் ஓரத்தில் தனியே காட்டுவதா என்பதை இரு தரப்பும் பேசித் தீர்மானிக்க அது வழிசெய்தது. கர்சருக்கு முன்னும் பின்னும் உள்ள 'சூழ்உரை'யை உள்ளீட்டு முறை கேட்டுப் பெறும் வசதியும் பின்வந்த ஏற்பாடுகளில் சேர்ந்தது.

ஆயிரக்கணக்கான எழுத்துகள் இல்லாத தமிழுக்கும் இந்த ஏற்பாடுகள் தேவைப்பட்டன. பழைய தட்டச்சு முறையில் 'கெ' எழுத ஒற்றைக்கொம்பை முதலில் அடித்துப் பின்னர் ககரத்தை அடிப்பர். யூனிகோடோ ககரத்தை முன்னும் கொம்பைப் பின்னும் சேமிக்கிறது. ஆகவே அடித்த கொம்பு, மெய்யெழுத்து வரும்வரை இடைநிலை உரையாகக் காத்திருக்க வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில், ககரத்தை இருமுறை அடித்தால் முதலாவது தானாகப் புள்ளி பெற்று 'க்க' ஆகும்; இதற்கு முன்னெழுத்து எது என்று உள்ளீட்டு முறை அறிந்திருக்க வேண்டும். ஹாண்டா குழுவினர் மியூலுக்குப் பின் உருவாக்கிய எம்17என் நூலகத்தின் அட்டவணைகளில் தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு முறைகள் இடம்பெற்றிருப்பதால், லினக்ஸ் கணினிகளில் அவ்வழியே தமிழ் எழுதுவோர் அந்த ஜப்பானிய உழைப்பின் பயனையே நாள்தோறும் பெறுகின்றனர். சூழ்உரையைத் தராத உரைதிருத்தியில் மட்டும், முன்பே எழுதிவைத்த ககரத்துக்குப் பின்னால் கர்சரைக் கொண்டுபோய் மற்றொரு ககரம் அடித்தால், புள்ளி வைக்காமல் 'கக' என்றே விழுகிறது.