குறுங்கால நோக்கு (நிறுவன நிர்வாகம்)

குறுங்கால நோக்கு என்பது, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் உயர் நிர்வாகிகள் அடுத்த காலாண்டு முடிவையும் பங்கு விலையையும் முன்னிறுத்தி, நிறுவனத்தின் நெடுநாள் நலனைப் பின்னுக்குத் தள்ளும் போக்கு. ஆராய்ச்சி, பராமரிப்பு, பயிற்சி ஆகியவற்றுக்கான செலவைத் தள்ளிப்போடுதல், சொந்தப் பங்குகளை நிறுவனப் பணத்திலேயே திரும்ப வாங்குதல், ஆட்குறைப்பு ஆகியன இதன் வழக்கமான வடிவங்கள். இவற்றுள் ஆட்குறைப்பே நிர்வாகிகளுக்குக் கைவந்த கலை. ஆளைக் குறைத்தால் சம்பளச் செலவு சில மாதங்களிலேயே குறைந்துவிடும். அவர் பார்த்த வேலை நின்றுபோனதன் நட்டமோ ஓரிரு ஆண்டு கழித்தே தலைகாட்டும். அதற்குள் முடிவெடுத்தவர் ஊக்கத்தொகையோடு வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார்.

இதற்கு நிர்வாகிகளின் பேராசையே காரணம் என்பது பொதுவான பேச்சு. வரலாற்றைப் பார்த்தால் நீதிமன்றத் தீர்ப்பும், அறிக்கை விதிகளும், வரிச் சட்டமும், ஊதிய முறையும் சேர்ந்து வளர்த்த பழக்கம் இது என்பது தெளிவாகும். அந்த வரலாறு பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தது.

தொடக்கம்

1914-இல் ஹென்றி ஃபோர்டு தம் தொழிலாளருக்கு நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்தார். 1916-இல் பங்குதாரர்களுக்கான சிறப்பு லாபப் பங்கீட்டை நிறுத்திக்கொண்டு, அந்தப் பணத்தில் ரூஷ் ஆற்றங்கரையில் பெரிய ஆலை கட்டவும், காரின் விலையைக் குறைக்கவும், மேலும் பலருக்கு வேலை தரவும் போவதாகச் சொன்னார். பத்து விழுக்காடு பங்கு வைத்திருந்த டாட்ஜ் சகோதரர்கள், ஜான், ஹொரேஸ் இருவரும், வழக்குத் தொடுத்தனர். 1919-இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம், வணிக நிறுவனம் முதன்மையாகப் பங்குதாரரின் லாபத்துக்காகவே நடத்தப்படுகிறது என்று கூறி, சுமார் 1.9 கோடி டாலரைப் பங்கிட்டுத் தரும்படி உத்தரவிட்டது. ஆலை விரிவாக்கத்தில் மட்டும் அது தலையிடவில்லை. டாட்ஜ் சகோதரர்கள் ஃபோர்டுக்குப் போட்டியாகத் தாமே கார் செய்து விற்றுக்கொண்டிருந்தவர்கள் என்பதையும், அந்த லாபப் பங்குதான் அவர்கள் தொழிலுக்கு முதல் என்பதையும் இத்தீர்ப்பை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் சொல்வதில்லை.

அடுத்தது காலக்கெடு. 1929 சந்தைச் சரிவுக்குப் பின் இயற்றப்பட்ட 1934-ஆம் ஆண்டுப் பங்குப் பரிவர்த்தனைச் சட்டத்தின்கீழ் ஆண்டறிக்கை கட்டாயமாயிற்று. 1955-இல் அரையாண்டு அறிக்கையும் 1970-இல் காலாண்டு அறிக்கையும் வந்தன. முதலீட்டாளர் ஏமாறாமல் காப்பதே இவ்விதிகளின் நோக்கம். அந்தக் காப்பு ஓரளவு கிடைக்கவும் செய்தது. கூடவே, ஆண்டுக்கு நான்கு முறை தேர்வு எழுதும் நிலைக்கு நிர்வாகம் வந்தது. அந்த 1970-ஆம் ஆண்டு செப்டம்பரில்தான், தொழிலின் சமூகப் பொறுப்பு லாபத்தைப் பெருக்குவதே என்னும் தம் கட்டுரையைப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் நியூயார்க் டைம்ஸ் இதழில் வெளியிட்டார். 1976-இல் பொருளியலாளர்கள் ஜென்சனும் மெக்லிங்கும் நிர்வாகியைப் பங்குதாரரின் முகவராக வைத்துக் கோட்பாடு எழுதினர். நிர்வாகியின் வருமானத்தைப் பங்கு விலையோடு பிணைத்துவிட்டால் இருவர் நலனும் ஒன்றாகிவிடும் என்பது இதிலிருந்து கிளைத்த நம்பிக்கை.

சட்டம் இந்த நம்பிக்கைக்கு இருமுறை கைகொடுத்தது. 1982-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதி, குறிப்பிட்ட வரம்புக்குள் பங்குகளைத் திரும்ப வாங்கும் நிறுவனத்துக்கு, விலையைச் செயற்கையாக ஏற்றியதாகக் குற்றம் சாட்டப்படாமல் பாதுகாப்பளித்தது. 1993-இல், உயர் நிர்வாகியின் சம்பளத்தில் 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு வரிக்கழிவு இல்லை என்று சட்டம் வந்தது; செயல்திறனோடு இணைந்த ஊதியத்துக்கு மட்டும் விலக்கு. சம்பளத்தைக் கட்டுப்படுத்த வந்த இச்சட்டமே, முன்பே குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமையை நிர்வாகிகளுக்கு வாரி வழங்கும் வழியைத் திறந்துவிட்டது. அந்த உரிமைகளின் மதிப்போ பங்கு விலை ஏறினால்தான் ஏறும்.

வெல்ச்சும் டன்லப்பும்

1981-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பேற்ற ஜாக் வெல்ச் இப்போக்கின் முன்மாதிரி. 1980 இறுதியில் 4,11,000 ஆக இருந்த ஊழியர் எண்ணிக்கை 1985 இறுதியில் 2,99,000 ஆயிற்று. விற்கப்பட்ட பிரிவுகளோடு போனவர்களும் இதில் அடக்கம். கட்டடத்தை விட்டுவிட்டு மனிதரை மட்டும் அழிக்கும் குண்டின் பெயரால் பத்திரிகைகள் அவரை ‘நியூட்ரான் ஜாக்’ என்றன. ஊழியர்களை ஆண்டுதோறும் மேல் 20, நடு 70, கீழ் 10 விழுக்காடு என்று பிரித்து, கீழ்த்தட்டினரை வெளியேற்றும் முறையையும் அவர் நிலைநிறுத்தினார். முதல் ஆண்டில் இது சோம்பேறிகளைக் களைந்திருக்கலாம். ஐந்தாம் ஆண்டிலும் அதே பத்து விழுக்காட்டைக் காட்டியாக வேண்டும் என்னும்போது, நன்றாக உழைப்பவர்களிலும் யாராவது பலியாக வேண்டியிருந்தது. பக்கத்து இருக்கைக்காரருக்குத் தொழில் கற்றுத்தருவது தன் தலையில் தானே மண் போட்டுக்கொள்வதானது.

பங்குச் சந்தை அவரைக் கொண்டாடியது. 1995 முதல் 2004 வரை ஒரு காலாண்டிலும் நிறுவனம் சந்தையின் எதிர்பார்ப்பைத் தவறவிடவில்லை. வெல்ச் 2001-இல் ஓய்வுபெற்றார். அவருக்குப் பிந்திய 2002, 2003 ஆண்டுகளின் கணக்கு வளைக்கப்பட்டதாக 2009-இல் ஆணையம் குற்றம் சாட்டியது. நிறுவனம் குற்றத்தை ஏற்காமலும் மறுக்காமலும் 5 கோடி டாலர் செலுத்தியது. 2018-இல் டவ் ஜோன்ஸ் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2024-இல் மூன்று நிறுவனங்களாகப் பிரிந்து முடிந்தது. பங்குதாரர் மதிப்பை மட்டுமே குறிக்கோளாகக் கொள்வது மடமை என்று 2009-இல் வெல்ச்சே ஒரு நேர்காணலில் சொன்னார். வேலையிழந்தோருக்கு அது கால் நூற்றாண்டு தாமதம்.

வெல்ச்சாவது இருபது ஆண்டு இருந்தார். ஆல்பர்ட் டன்லப் இரண்டு ஆண்டு கூட எங்கும் தேவையில்லை என்று காட்டியவர். 1994-இல் ஸ்காட் பேப்பர் நிறுவனத்துக்குத் தலைமையேற்று 11,000-க்கும் மேற்பட்டோரை நீக்கினார். மறு ஆண்டே அதைக் கிம்பர்லி-கிளார்க்குக்கு விற்கச் செய்து சுமார் 10 கோடி டாலரோடு வெளியேறினார். 1996 ஜூலையில் சன்பீம் என்னும் வீட்டுச் சாதன நிறுவனம் அவரை நியமித்ததாக அறிவித்ததும் அதன் பங்கு ஏறக்குறைய 50 விழுக்காடு ஏறியது. அவர் ஒரு காகிதத்தில்கூடக் கையெழுத்திட்டிருக்கவில்லை; ஆட்குறைப்பு வரும் என்ற எதிர்பார்ப்புக்கே அவ்வளவு விலை. நவம்பரில் அது வந்தது: 12,000 ஊழியரில் பாதிப்பேர் குறைப்பு, 26 ஆலைகள் எட்டாகச் சுருக்கம்.

ஆளில்லாமல் எவ்வளவு விற்க முடியும்? இறைச்சி வாட்டும் அடுப்புகளைக் கோடைக்கு மாதங்களுக்கு முன்பே கடைக்காரர்கள் பெயரில் தள்ளுபடியில் எழுதி, சரக்கைக் கிடங்கிலேயே வைத்துக்கொண்டு, விற்பனை நடந்ததாகக் கணக்குக் காட்டினர். 1997-க்கு அறிவித்த 18.9 கோடி டாலர் லாபத்தில் குறைந்தது 6 கோடி மோசடி என்று ஆணையம் பின்னர் கூறியது. 1998 ஜூனில் டன்லப்பையே இயக்குநர் குழு நீக்கியது. நிறுவனம் 2001-இல் திவால் பாதுகாப்பு கோரியது. 2002-இல் அவர் 5 லட்சம் டாலர் அபராதம் கட்டி, இனி எந்தப் பட்டியலிட்ட நிறுவனத்திலும் பொறுப்பு வகிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்.

சந்தை பொறுமையானதே, பல ஆண்டு லாபம் காட்டாத அமேசானுக்கும் அது பணம் தந்ததே என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. நிறுவனரே ஆளும் சில நிறுவனங்களுக்கு அது பொருந்தும். சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட நிர்வாகியின் நிலை வேறு. கிரஹாம், ஹார்வி, ராஜகோபால் என்னும் ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், நிதி நிர்வாகிகளுள் சுமார் 80 விழுக்காட்டினர், காலாண்டு இலக்கை எட்ட ஆராய்ச்சி, விளம்பரம், பராமரிப்புச் செலவுகளைக் குறைப்போம் என்று தாமே ஒப்புக்கொண்டனர்.

ஊழியர் மீது விளைவு

வேலையிழப்பின் காயம் அந்தக் காலாண்டோடு ஆறுவதில்லை. பென்சில்வேனியாவில் நீண்ட பணிக்காலத்துக்குப் பின் வேலையிழந்தோரை ஆராய்ந்த 1993-ஆம் ஆண்டு ஆய்வு, பல ஆண்டு கழித்தும் அவர்கள் வருமானம் கால்பங்கு குறைவாகவே நின்றதைக் காட்டியது. அதே மாநிலத்தின் ஆண் தொழிலாளர் பற்றிய 2009-ஆம் ஆண்டு ஆய்வின்படி, வேலையிழந்த மறு ஆண்டில் இறப்பு விகிதம் 50 முதல் 100 விழுக்காடு வரை கூடியது.

எஞ்சியிருப்போர் நிலை வேறு வகையில் மோசம். வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளர் தலையிலும் எட்டுச் சேவைகள் வரை கட்ட வேண்டும் என்று கிளை ஊழியர்களுக்கு இலக்கு வைத்தது. இலக்கை எட்டாவிட்டால் வேலை போகும் என்ற அச்சத்தில் ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகளைத் திறந்தனர். 2016-இல் இதற்காக வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஐந்தாண்டுகளில் சுமார் 5,300 ஊழியர்கள் நீக்கப்பட்டிருந்தனர். இலக்கை வகுத்த மேலிடத்துக்குத் தண்டனை பின்னர்தான் வந்தது, அதுவும் பெரும்பாலும் பண வடிவில்.

பிற நாடுகள்

ஜெர்மனியில் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2,000-க்கு மேல் ஊழியர் உள்ள நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு. 2009 நெருக்கடியில் அந்நாட்டு உற்பத்தி ஐந்து விழுக்காட்டுக்கு மேல் சரிந்தும், வேலை நேரத்தைக் குறைத்து இழந்த கூலியின் ஒரு பகுதியை அரசு ஈடுசெய்யும் ஏற்பாட்டால் வேலையின்மை அதிகம் ஏறவில்லை. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் கட்டாயக் காலாண்டு அறிக்கையைக் கைவிட்டன. அமெரிக்காவில் 2019-இல் 181 தலைமை நிர்வாகிகள் ஊழியர் நலனும் தம் பொறுப்பே என்று அறிக்கையில் கையெழுத்திட்டனர்; அது வெறும் அறிக்கை.

இந்தியா

தகவல் தொழில்நுட்பத் துறையில் அப்ரைசல் (ஆண்டு மதிப்பீடு), பெல் கர்வ் (ஊழியரை விழுக்காட்டுப்படி தரம் பிரித்தல்), பெஞ்ச் (பணித்திட்டம் இல்லாமல் காத்திருத்தல்) என்னும் சொற்களோடு வெல்ச்சின் முறை சென்னைக்கும் வந்தது. 2014-15-இல் டிசிஎஸ் என்னும் மென்பொருள் நிறுவனத்தின் ஆட்குறைப்பின்போது, கர்ப்பிணி ஊழியர் ஒருவரின் பணிநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று 2016-இல் தமிழக அரசு தெளிவுபடுத்தியது. 2025-இல் அதே நிறுவனம் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. இயக்குநர்கள் பங்குதாரரோடு ஊழியர் நலனையும் கருத வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவு கூறுகிறது. இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி முதல் மூன்று காலாண்டுகளின் முடிவுகளை 45 நாளுக்குள் வெளியிட வேண்டும். அந்தக் கணக்கில் ஊழியர் இடம்பெறுவது செலவுப் பட்டியலில்.