தையலுக்குப் பின்

1896-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வயது வாலிபன் ஒருவன் கிடந்தான். தோட்ட வேலை செய்கிறவன். இரண்டு நாளைக்கு முன் எவனோ அவன் மார்பில் கத்தியால் குத்திவிட்டான். முகம் வெளுத்து, மூச்சுத் திணறி, ‘இனி ஆசையில்லை’ என்கிற நிலைமை. 9-ஆம் தேதி டாக்டர் லுட்விக் ரேன் துணிந்து அவன் மார்பைத் திறந்தார். இருதயத்தை ஊசியால் தொடுவது வைத்தியனுக்கு அடாத காரியம் என்று பெரியவர்கள் பலர் கருதிய காலம் அது. வலது கீழறையில் ஒன்றரை சென்டிமீட்டர் கிழிசல். இருதயம் விரிந்து தளர்கிற கணம் பார்த்துப் பார்த்து, பட்டு நூலால் மூன்று தையல் போட்டார். ரத்தம் நின்றது.

சரித்திரப் புத்தகங்கள் இந்த இடத்தில் கைதட்டிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். நமக்கு வேண்டிய கதையோ இனிமேல்தான் ஆரம்பம். வாலிபனுக்கு நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டிக் கொண்டது. அதை வடித்தெடுத்த பிறகுதான் அவன் பிழைத்தான்.

1953-ல் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் இருதய-நுரையீரல் யந்திரத்தின் துணையோடு ஒரு பெண்ணின் இருதயத்தைத் திறந்து ஓட்டையை அடைத்தார். 1957-ல் சிகாகோ டாக்டர் ஜூலியனும் சகாக்களும் நடு மார்பெலும்பை நெடுக்காகப் பிளந்து உள்ளே போகும் முறையை வற்புறுத்தினார்கள். இன்றும் அதுதான் ராஜபாட்டை. வேலை முடிந்ததும் எலும்பை எஃகுக் கம்பியால் இறுக்கிக் கட்டி விடுவார்கள்.

ராஜபாட்டையிலும் திருடன் உண்டல்லவா? அந்த எலும்பின் மேல் சதைப்பற்று அதிகமில்லை. நோயாளியின் மூக்கிலும் தோலிலும் சாதுவாகக் குடியிருக்கும் கிருமியே காயத்தில் இறங்கிவிடும். நூற்றுக்கு ஒருவருக்கோ இருவருக்கோதான் இப்படி நேரும். ஆனால் நேர்ந்தவரின் கதி? ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் வரும். இருமினால் எலும்பு ‘களுக்’கென்று அசையும். தையல் வழியே சீழ் கசியும். திறந்து சுத்தம் செய்தால், அடியில் துடித்துக் கொண்டிருப்பது இருதயம்! பலர் பிழைக்கவில்லை.

1963-ல் ஷூமாக்கரும் மாண்டல்பாமும், குழாய்கள் வைத்து மருந்து நீரை இடைவிடாமல் பாய்ச்சிக் கழுவும் முறையை எழுதினார்கள். சிலருக்குப் பலித்தது. கழுவினால் போதாது, வெற்றிடத்தை ரத்த ஓட்டமுள்ள சதையால் நிரப்ப வேண்டும் என்று பின்னர் தெரிந்தது. ஆட்டுக்கறி வாங்குகிறவர்கள் பார்த்திருப்பார்கள், குடலின் மேல் வலை பின்னினாற்போல் வெள்ளைக் கொழுப்புத் திரை ஒன்று தொங்கும். மனிதனுக்கும் அது உண்டு. வயிற்றுக்குள் எங்கே அழற்சி கண்டாலும் ஓடிப்போய் ஒட்டிக் கொள்ளும் என்பதால் அதை ‘வயிற்றுப் போலீஸ்காரன்’ என்பார்கள். 1976-ல் லீ முதலிய அமெரிக்க டாக்டர்கள், கெட்டுப்போன மார்பெலும்பை முழுக்க எடுத்துவிட்டு, இந்தப் போலீஸ்காரனை மார்புக்கு மாற்றல் செய்தார்கள்! 1980-ல் அட்லாண்டாவில் ஜுர்கிவிச் மார்புத் தசையையே ரத்தக் குழாயோடு திருப்பிக் குழியை மூடினார்.

எனக்கு மிகவும் பிடித்தது 1985-ல் பாரிஸ் டாக்டர்கள் வெளியிட்ட விஷயம். திறந்த மார்புக் காயத்தில் அவர்கள் கொட்டியது என்ன தெரியுமா? சர்க்கரை. காப்பிக்குப் போடுகிற அதே வெள்ளைச் சர்க்கரைதான். அது நீரையெல்லாம் உறிஞ்சிக் கொள்ள, கிருமி தாகத்தால் சாகிறது. ஊறுகாய் போடத் தெரிந்த நம் பாட்டிமாருக்கு இதில் ஆச்சரியம் இராது. 1997-ல் ஆர்ஜென்டாவும் மாரிக்வாஸும் பஞ்சை வைத்துக் காற்றை உறிஞ்சும் கருவியைப் பற்றி எழுதினார்கள். விரைவிலேயே அது மார்புக் காயத்துக்கும் வந்து சேர்ந்தது.

காயத்தில் மருந்தான சர்க்கரை, ரத்தத்தில் ஏறினால் சத்துரு. நீரிழிவுக்காரருக்கு இந்தப் புண் எளிதில் வரும். அமெரிக்காவின் போர்ட்லந்து நகரத்தில் டாக்டர் ஃபர்னரி குழுவினர் ஆபரேஷன் முடிந்த நீரிழிவுக்காரருக்கு ஊசியாக அல்லாமல் இன்சுலினை நரம்பு வழியே சொட்டுச் சொட்டாகச் செலுத்தினார்கள். நூற்றுக்கு 2 ஆக இருந்த ஆழ்ந்த காயநோய் 0.8 ஆகக் குறைந்ததென்று 1999-ல் அறிவித்தார்கள். இதற்காக நோயாளியின் ரத்தத்தை அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும். மார்பைப் பிளந்ததைக்கூட மயக்கத்தில் பொறுத்துக் கொண்டவர், நடுநிசியில் விரல் குத்த வரும் நர்ஸைக் கண்டால் முகம் சுளிக்கத்தான் செய்வார். அவளோ சர்க்கரை அளவைக் குறித்துக் கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள்.