ஜிடிபியும் ஒரு வெற்றுப் பதிலும்

ஜிடிபி என்றதும் நாட்டின் மொத்த உற்பத்தி ஞாபகம் வந்தால், நீங்களும் என்னைப் போல பி.காம். கேஸ்தான். நான் சொல்ல வந்தது இன்னொரு ஜிடிபி. தமிழில் எழுதினால் ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-ல் எழுதிய இது, மற்ற நிரல்களில் வழு எங்கே இருக்கிறது என்று தேட உதவும் நிரல். விவேக் நகரில் எங்கள் தெருவில் தடுக்கி விழுந்தால் ஒரு பொட்டிதட்டி மேல்தான் விழ வேண்டும். அவர்கள் பேச்சில் அடிக்கடி அடிபட்ட பெயர் என்பதால் தோண்டிப் பார்த்தேன். நல்ல சரித்திரமே கிடைத்தது.

முதலில் பிரச்சினை. சாதாரண நிரலில் கோளாறு என்றால், அதே பொட்டியில் ஜிடிபியை ஓட்டி, நிரலை நடுவில் நிறுத்திப் பார்க்கலாம். கோளாறு லினக்ஸின் கெர்னலிலேயே இருந்தால்? கெர்னலை நிறுத்தினால் பொட்டி மொத்தமும் நின்றுவிடும், அதில் ஓடும் ஜிடிபியும் சேர்ந்துதான். மயக்கத்தில் இருப்பவர் தனக்குத் தானே ஆபரேஷன் செய்துகொள்ள முடியுமா? அதனால் இரண்டு பொட்டி, நடுவில் ஒரு கம்பி. ஒன்றில் ஜிடிபி. நோயாளிப் பொட்டியில், கேட்டதற்குப் பதில் சொல்ல மட்டும் 'ஸ்டப்' என்று ஒரு குட்டி நிரல்.

இரண்டும் பேசும் மொழி ரொம்பச் சிக்கனம். செய்தி டாலர் குறியில் தொடங்கி, ஹேஷ் குறியில் முடியும். பின்னால் இரண்டு இலக்கச் சரிபார்ப்பு எண். கணக்கு ஒத்து வந்தால் எதிர்முனை '+' என்று சொல்லும். வராவிட்டால் '-', அதாவது திரும்ப அனுப்பு. வங்கியில் தந்தி மூலம் பணம் அனுப்பிய காலத்திலும் இதே கதைதான். செய்தியோடு ஒரு சோதனை எண் போகும், அது சரியாக இருந்தால்தான் அந்தக் கிளை பணம் கொடுக்கும்.

நிற்க. இந்தக் கதையில் நம்ம நாட்டுக்கும் பங்கு உண்டு. லினக்ஸ் கெர்னலுக்கான ஸ்டப்பின் பெயர் கேஜிடிபி. முதலில் எழுதியவர் டேவிட் குரோத். பிறகு அதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் அமித் காலே, அவருடைய லின்சிஸ்சாஃப்ட் இருந்தது புணேயில். லினஸ் டோர்வால்ட்ஸுக்கோ இந்த மாதிரிக் கருவிகளே பிடிக்காது, 2000-ல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அதனால் கேஜிடிபி பல வருடம் வாசலிலேயே நின்றது. கெர்னல் மாறும்போதெல்லாம் புதிதாக ஒட்டுப் போட வேண்டும். விண்ட் ரிவரின் ஜேசன் வெஸ்ஸல் முயற்சியில் ஒருவழியாக 2008 ஜூலையில், 2.6.26 பதிப்பில் உள்ளே வந்தது. அந்தக் கோப்பின் தலைப்பில் வெரிடாஸ், டைம்சிஸ், அமித் காலே, லின்சிஸ்சாஃப்ட், விண்ட் ரிவர், மான்டாவிஸ்டா என்று வருடத்தோடு வரிசையாகப் பெயர்கள். கைமாறிய பேரேட்டில் ஒவ்வொரு ஆபீசரும் சுருக்கொப்பம் போட்ட மாதிரி!

இத்தனை கை மாறியும் பேச்சு முறியவில்லையே, எப்படி? ஒரு சின்ன விதிதான். புரியாத கட்டளை வந்தால் ஸ்டப் ஊகிக்கக் கூடாது. $#00 என்று வெற்றுப் பதில் அனுப்ப வேண்டும். 'எனக்குத் தெரியாது' என்று அர்த்தம். உடனே ஜிடிபி பழைய வழிக்குப் போய்விடும். ஆகவே யார் வேண்டுமானாலும் புதுச் சொல் சேர்க்கலாம், பழைய ஸ்டப் உடையாது. 2006-ல் இன்னொரு படி ஏறினார்கள். பேச்சின் தொடக்கத்திலேயே 'எனக்கு இன்னின்ன தெரியும்' என்று பட்டியல் பரிமாறிக்கொள்வது. 'கன்னட கொத்தா? தமிழ் தெரியுமா?' என்று கேட்டுவிட்டு இங்கே கடைக்காரரிடம் பேச்சைத் தொடங்குகிறோமே, அது போல.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2010-ல் ஆப்பிள் வெளியிட்ட எல்எல்டிபி இதே மொழியை எடுத்துக்கொண்டு சொந்தச் சொற்களையும் சேர்த்தது. அதில் ஒன்று 'எக்ஸ்'. நினைவகத்தில் இருப்பதை அப்படியே பச்சையாக அனுப்பச் சொல்லும் கட்டளை. பழைய முறையில் ஒவ்வொரு பைட்டுக்கும் இரண்டு எழுத்து ஆகும், இதில் ஏறக்குறைய பாதி மிச்சம். ஆனால் பிழைச் செய்தி 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமுமாக வரும். நினைவகத்திலேயே அந்த மூன்று எழுத்து இருந்தால்? வந்தது தகவலா, பிழையா? தப்பாக எடுத்துக்கொண்டால் பொறியாளர் இல்லாத இடத்தில் வழுவைத் தேடிக்கொண்டிருப்பார்.

2020-களின் நடுவில் ஜிடிபியும் 'எக்ஸ்' கொண்டுவந்தபோது, தகவலுக்கு முன்னால் 'பி' என்ற எழுத்தைச் சேர்த்துக் குழப்பத்தைத் தீர்த்தது. இப்போது ஒரே கேள்விக்கு இரண்டு விதப் பதில்! அதற்கும் வழி கண்டார்கள். புது விதமாகப் பதில் சொல்லும் ஸ்டப், தொடக்கப் பட்டியலிலேயே அதை அறிவித்துவிட வேண்டும். அறிவிக்காத ஸ்டப்பிடம் ஜிடிபி 'எக்ஸ்' கேட்பதே இல்லை, எல்எல்டிபி பழைய முறையிலேயே படித்துக்கொள்கிறது.

எங்கள் துறையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டால் கதை முடிந்தது. இங்கே உத்தரவு போட யாரும் இல்லை. போட்டி நிறுவனங்கள், வேறு வேறு தேசங்கள். தாங்கிப் பிடித்தது ரெண்டே பழக்கம்: தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்வது, மாற்றினால் முன்கூட்டியே சொல்லிவிடுவது. கேட்டதற்கு உத்தேசமாக ஒரு தொகையை எழுதி அனுப்பும் கிளையைவிட, வெற்றுத் தாளைத் திருப்பி அனுப்பும் கிளை எவ்வளவோ மேல்.